விண்டோஸ் எக்ஸ்பி மீள்நிறுவல் பழுதறிதல்

விண்டோஸ் எக்ஸ்பி மீள்நிறுவல் பழுதறிதல் என்பது, பழைய கணினி ஒன்றில் விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளத்தை மீண்டும் நிறுவும் முயற்சி இடையில் தடைப்படும்போது, அதன் காரணத்தைக் கண்டறிந்து நீக்கும் முறையாகும். இவ்வாறு தடைப்படும் கணினிகள் பலவற்றில் பிழை இயங்குதளத்தில் இருப்பதில்லை. கீறல் விழுந்த இறுவட்டு, தேய்ந்த வன்தட்டு, பழுதான நினைவகம், தீர்ந்துபோன பயாஸ் மின்கலம், பொருத்தமான இயக்கி மென்பொருள் இல்லாமை ஆகியன பொதுவான காரணங்களாகும். நிறுவல் என்பது கணினியின் உறுப்புகள் அனைத்தையும் நெடுநேரம் ஓய்வின்றி இயக்கும் வேலை ஆகும். எனவே அன்றாடப் பயன்பாட்டில் மறைந்திருந்த வன்பொருள் பழுது அப்போது வெளிப்படுகின்றது.

பழுதறிதலுக்கு இரண்டு அடிப்படைகள் உள்ளன. முதலாவது, நிறுவல் எந்தக் கட்டத்தில் நின்றது என்பதே காரணத்தைச் சுட்டும் முதன்மையான தடயமாகும். இரண்டாவது, இயங்குதளத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் நிறுவலாம். வன்தட்டில் இருந்த ஒளிப்படங்களையும் ஆவணங்களையும் மீண்டும் உருவாக்க இயலாது. ஆகவே தோல்வியுற்ற நிறுவலை மீண்டும் தொடங்குவதற்கு முன் தரவுகளை வெளியே எடுப்பது இன்றியமையாதது.

பின்னணி

விண்டோஸ் எக்ஸ்பி 2001 அக்டோபர் 25 அன்று விற்பனைக்கு வந்தது. இதன் முதலாம் சேவைப் பொதி 2002இலும், இரண்டாம் சேவைப் பொதி 2004இலும், மூன்றாம் சேவைப் பொதி 2008இலும் வெளியாயின. வீட்டுப் பதிப்பு, தொழில்முறைப் பதிப்பு ஆகியவற்றுக்கான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2014 ஏப்ரல் 8 அன்று முடித்துக்கொண்டது. ஆயினும் ஆய்வுகூடக் கருவிகள், பழைய அச்சு இயந்திரங்கள் போன்றவற்றுடன் இணைந்த கணினிகளில் இது இன்றும் காணப்படுகின்றது. அக்கருவிகளுக்கான மென்பொருட்கள் பல புதிய இயங்குதளங்களில் இயங்காமையே இதற்குக் காரணமாகும்.

இதனை நிறுவுவதற்கு 233 மெகாஹேர்ட்சு வேகமுள்ள செயலி, 64 மெகாபைட்டு நினைவகம், 1.5 கிகாபைட்டு வட்டு இடம் ஆகியன குறைந்தபட்சத் தேவைகளாகும். 128 மெகாபைட்டு நினைவகம் பரிந்துரைக்கப்பட்டது. கையில் உள்ள இறுவட்டு எந்தச் சேவைப் பொதியை உள்ளடக்கியது என்பதும் முக்கியமானது. 2001இல் வெளியான மூல இறுவட்டுக்கும் 2008க்குப் பிந்திய இறுவட்டுக்கும் இடையே வட்டு ஆதரவிலும் பாதுகாப்பிலும் பெரும் வேறுபாடுகள் உள்ளன. இவை கீழே விளக்கப்பட்டுள்ளன.

நிறுவலின் கட்டங்கள்

எக்ஸ்பி நிறுவல் மூன்று கட்டங்களாக நடைபெறுகின்றது.

முதலாவது எழுத்துக் கட்டம். கணினி இறுவட்டில் இருந்து தொடங்கியதும் நீல நிறப் பின்னணியில் வெறும் எழுத்துகளால் ஆன திரை தோன்றும். நிறுவல் நிரல் அடிப்படை இயக்கி மென்பொருட்களை ஏற்றி, உரிம ஒப்பந்தத்தைக் காட்டி, வட்டுப் பிரிவைத் தெரிவு செய்யக் கோரும். பின்னர் பிரிவை ஃபார்மட் செய்து, கோப்புகளை வன்தட்டுக்கு நகலெடுத்து, கணினியை மீளத் தொடக்கும்.

இரண்டாவது வரைகலைக் கட்டம். இதில் கணினி வன்தட்டில் இருந்து தொடங்குகின்றது. திரையின் இடப்புறத்தில் வேலைகளின் பட்டியலும், எஞ்சியுள்ள நேரத்தின் மதிப்பீடும் தோன்றும். 39 நிமிடங்கள் எனத் தொடங்கும் இம்மதிப்பீடு பழைய கணினிகளில் உண்மையான நேரத்தைக் காட்டுவதில்லை. வன்பொருள்களை இனங்காணல், வலையமைப்பு அமைத்தல், உரிமக் குறியீட்டைப் பெறுதல் ஆகியன இக்கட்டத்தில் நிகழ்கின்றன.

மூன்றாவது முதல் தொடக்கம். பயனர் கணக்குகள் உருவாக்கப்பட்டு, மேசைத்தளம் தோன்றும். சில்லறை விற்பனைப் பதிப்புகளை 30 நாட்களுக்குள் செயற்படுத்த வேண்டும் என்பது விதியாகும்.

எழுத்துக் கட்டத்தில் நின்றால் இறுவட்டு, வன்தட்டு, நினைவகம், பயாஸ் ஆகியவற்றையே முதலில் ஐயுற வேண்டும். வரைகலைக் கட்டத்தில் நின்றால் குறிப்பிட்ட ஒரு வன்பொருளோ அதன் இயக்கியோ காரணமாக இருக்கலாம். முதல் தொடக்கத்திற்குப் பின் நிகழும் சிக்கல்கள் பெரும்பாலும் உரிமம், இயக்கி மென்பொருள், வலையமைப்பு ஆகியவற்றைச் சார்ந்தவை.

தரவுகளைக் காத்தல்

நிறுவல் இடையில் நின்றவுடன் பலரும் செய்யும் பிழை, உடனே இறுவட்டை மீண்டும் இட்டு முதலில் இருந்து தொடங்குவதாகும். ஒவ்வொரு முயற்சியும் வன்தட்டில் புதிய கோப்புகளை எழுதுகின்றது. பழைய கோப்புகள் இருந்த இடத்தின் மேல் புதியவை எழுதப்பட்டால் அவற்றை மீட்க வழியில்லை.

எக்ஸ்பி நிறுவல் நிரலின் முழு ஃபார்மட், வட்டின் பழுதான பகுதிகளைத் தேடுமே ஒழிய, தரவுப் பகுதி முழுவதையும் வெறுமையாக்கி எழுதுவதில்லை. இவ்வழக்கம் விண்டோஸ் விஸ்டாவில்தான் மாறியது. அதுபோலவே வட்டுப் பிரிவை நீக்கும்போது பிரிவு அட்டவணையில் உள்ள பதிவு மட்டுமே நீங்குகின்றது. எனவே தவறுதலாகப் பிரிவை நீக்கியவர்களும் ஃபார்மட் செய்தவர்களும், அதன் பின் எதுவும் எழுதாமல் நிறுத்தியிருந்தால், கோப்புகளில் பெரும்பகுதியை மீட்க வாய்ப்பு உண்டு. நீக்கப்பட்ட பிரிவை மீட்க டெஸ்ட்டிஸ்க் என்ற கட்டற்ற மென்பொருளும், தனித்தனிக் கோப்புகளை மீட்க ஃபோட்டோரெக் என்ற மென்பொருளும் பயன்படுகின்றன. மீட்ட கோப்புகளை அதே வன்தட்டில் சேமித்தல் கூடாது.

வன்தட்டு நல்ல நிலையில் இருந்தால், நிறுவாமலே இறுவட்டில் இருந்து இயங்கும் லினக்ஸ் வழங்கல் ஒன்றின் மூலம் கணினியைத் தொடக்கலாம். 2000இல் வெளியான நாப்பிக்ஸ் இவ்வகையில் பெயர் பெற்றதாகும். வன்தட்டை வாசிப்பதற்கு மட்டும் திறந்து, வேண்டிய கோப்புகளை வெளி வன்தட்டுக்கோ யூஎஸ்பி நினைவகத்திற்கோ நகலெடுக்கலாம். மற்றொரு வழி, வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இரண்டாம் வட்டாக இணைப்பதாகும்.

வன்தட்டு வழமைக்கு மாறாக ஒலி எழுப்பினாலோ, கோப்புகளை மிக மெதுவாகப் படித்தாலோ, தனித்தனிக் கோப்புகளைத் தேடி நகலெடுப்பதைத் தவிர்த்தல் நன்று. அந்நிலையில் குனூ டிடிரெஸ்கியூ போன்ற மென்பொருளால் முழு வட்டின் படிமத்தை முதலில் எடுக்க வேண்டும். அது எளிதில் படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, பழுதான பகுதிகளுக்குப் பின்னர் திரும்பும். தட்டுவது போன்ற ஒலி தொடர்ந்து வந்தால் மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும். அது பெரும்பாலும் வாசிப்பு முனையின் பழுதாகும். அதனை மென்பொருளால் சரிசெய்ய இயலாது. செக்டிஸ்க் கட்டளை கோப்பு முறைமையைத் திருத்தும் பொருட்டு வட்டில் எழுதக்கூடியது. ஆகவே நகலெடுப்பதற்கு முன் அதனை இயக்குதல் கூடாது.

காப்பு நகல் எடுக்கும்போது பின்வருவன அடிக்கடி மறக்கப்படுகின்றன.

* அவுட்லுக் எக்ஸ்பிரஸ் மின்னஞ்சல்கள். இவை பயனரின் கோப்புறைக்குள் மறைக்கப்பட்ட துணைக் கோப்புறையில் உள்ளன.
* கணக்குப் பதிவு மென்பொருட்களின் தரவுகள். இவற்றுள் சில, ஆவணக் கோப்புறையில் அல்லாமல் மென்பொருள் நிறுவப்பட்ட கோப்புறையிலேயே தரவைச் சேமிக்கின்றன.
* உலாவியின் நூற்குறிகள், எழுத்துருக்கள், வலையமைப்பு அட்டையின் இயக்கி மென்பொருள்.
* என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமையின் மறையாக்க வசதியால் பூட்டப்பட்ட கோப்புகள். இவற்றின் திறவுகோல் பழைய பயனர் கணக்குடன் இணைந்தது. திறவுகோலைத் தனியே சேமிக்காமல் மீள்நிறுவினால், கோப்புகள் வட்டில் இருந்தும் அவற்றைத் திறக்க முடியாது.

வட்டுப் பிரிவுகளைத் தெரிவு செய்யும் திரையில் காணப்படும் எழுத்துக் குறிகள், முன்பு விண்டோஸில் கண்ட குறிகளுடன் ஒத்திருக்க வேண்டும் என்பதில்லை. எனவே பிரிவுகளை அவற்றின் அளவைக் கொண்டே இனங்காண வேண்டும். மற்றைய வன்தட்டுகளை முன்கூட்டியே கழற்றிவிடுதல் பாதுகாப்பானது.

எழுத்துக் கட்டச் சிக்கல்கள்

இறுவட்டில் இருந்து தொடங்காமை

பயாஸ் அமைப்பில் தொடக்க வரிசையில் இறுவட்டகம் முதலில் இருக்க வேண்டும். பயாஸ் மின்கலம் தீர்ந்த கணினிகளில் இவ்வரிசை ஒவ்வொரு முறை மின்சாரம் நிற்கும்போதும் அழிந்து, தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பும். கணினியின் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றிருப்பது இதன் தெளிவான அடையாளமாகும். மேசைக் கணினிகள் பெரும்பாலானவற்றில் சிஆர்2032 என்ற 3 வோல்ட்டு நாணய மின்கலம் உள்ளது. குறைந்த விலையுள்ள இதனை முதலிலேயே மாற்றிவிடுதல் பல குழப்பங்களைத் தவிர்க்கும்.

கோப்பை நகலெடுக்க இயலாமை

குறிப்பிட்ட ஒரு கோப்பை நகலெடுக்க முடியவில்லை என்ற செய்தி தோன்றினால், மீண்டும் முயலுமாறும் அக்கோப்பைத் தவிர்க்குமாறும் இரண்டு தெரிவுகள் தரப்படும். தவிர்த்துச் செல்வது நல்லதன்று. அவ்வாறு நிறுவப்பட்ட இயங்குதளம் பின்னர் விளங்காத இடங்களில் பழுதுறும்.

இங்கு காரணத்தைப் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு முயற்சியிலும் அதே கோப்பில் நின்றால் இறுவட்டில் கீறலோ அழுக்கோ இருக்கலாம். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு கோப்பில் நின்றால் நினைவகம், இறுவட்டகம், தரவு வடம், மின்வழங்கி ஆகியவற்றை ஐயுற வேண்டும். இறுவட்டை மென்மையான துணியால் நடுவில் இருந்து விளிம்பை நோக்கித் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தல் கூடாது. வேறொரு கணினியில் அதன் கோப்புகள் அனைத்தையும் நகலெடுக்க முடிகின்றதா எனப் பார்ப்பதும் நல்ல சோதனையாகும். செயலியைக் குறித்த வேகத்திற்கு மேல் இயக்கியிருந்தால் இயல்பான வேகத்திற்குத் திருப்ப வேண்டும்.

வன்தட்டு காணப்படாமை

வன்தட்டு எதுவும் இல்லை என்று நிறுவல் நிரல் அறிவித்தாலோ, 7பி என முடியும் குறியீட்டுடன் நீலத் திரை தோன்றினாலோ, வட்டுக் கட்டுப்படுத்திக்கான இயக்கி இறுவட்டில் இல்லை என்று கொள்ளலாம். சாட்டா வகை வன்தட்டுகளை ஏஎச்சிஐ முறையில் இயக்கும் தாய்ப்பலகைகளில் இது மிகவும் பொதுவானது. இதற்கு மூன்று தீர்வுகள் உள்ளன. பயாஸ் அமைப்பில் வட்டு முறையை ஐடிஇ ஒத்திசைவு முறைக்கு மாற்றுவது எளிதானது. நிறுவலின் தொடக்கத்தில் எஃப்6 விசையை அழுத்தி, நெகிழ்வட்டில் இருந்து இயக்கியைத் தருவது இரண்டாவது. என்லைட் போன்ற மென்பொருளால் இயக்கியைச் சேர்த்துப் புதிய நிறுவல் இறுவட்டை உருவாக்குவது மூன்றாவது.

ஐடிஇ வன்தட்டுகளில் முதன்மை, துணை என்னும் நிலையைக் குறிக்கும் சிறு இணைப்பான்கள் சரியாக இருத்தல் வேண்டும். ஒரே வடத்தில் உள்ள இரண்டு கருவிகளும் முதன்மை என அமைக்கப்பட்டிருந்தால் இரண்டும் காணாமல் போகலாம். 80 கம்பிகள் கொண்ட வடத்தில் நீல முனை தாய்ப்பலகைக்கும், கறுப்பு முனை முதன்மைக் கருவிக்கும், சாம்பல் நிற முனை துணைக் கருவிக்கும் உரியன.

137 கிகாபைட்டு வரம்பு

சேவைப் பொதி இல்லாத மூல இறுவட்டு, வன்தட்டின் முகவரிகளை 28 இருமங்களில் மட்டுமே குறிப்பிடும். ஒரு முகவரிக்கு 512 பைட்டு வீதம் இது 137,438,953,472 பைட்டுகள், அதாவது ஏறத்தாழ 137 கிகாபைட்டு ஆகும். இதைவிடப் பெரிய வன்தட்டில் நிறுவும்போது வட்டின் அளவு 131,072 மெகாபைட்டு அளவாகவே திரையில் தோன்றும். 48 இரும முகவரிக்கான ஆதரவு 2002இல் வெளியான முதலாம் சேவைப் பொதியுடன் வந்தது.

இது வெறும் இடக் குறைவு மட்டும் அன்று. சேவைப் பொதியுடன் இயங்கிவந்த கணினியில், பெரிய வன்தட்டின் பிற்பகுதியில் தரவுகள் இருக்கக்கூடும். அதனை மூல இறுவட்டால் மீள்நிறுவினால், வரம்புக்கு அப்பால் உள்ள பிரிவுகள் காணாமற் போவதும் கோப்பு முறைமை சிதைவதும் நிகழலாம். எனவே திரையில் காணும் அளவு உண்மையான அளவுடன் ஒத்துப்போகாவிடின், எந்தப் பிரிவையும் உருவாக்காமலும் நீக்காமலும் நிறுவலை விட்டு வெளியேறி, பிந்திய சேவைப் பொதி அடங்கிய இறுவட்டைப் பயன்படுத்த வேண்டும்.

முதல் மீள்தொடக்கத்தில் ஏற்படும் சிக்கல்கள்

எழுத்துக் கட்டம் முடிந்து கணினி மீளத் தொடங்கும்போது, இறுவட்டில் இருந்து தொடங்க ஏதேனும் ஒரு விசையை அழுத்துமாறு மீண்டும் செய்தி தோன்றும். இம்முறை எந்த விசையையும் அழுத்தக் கூடாது. அழுத்தினால் நிறுவல் முதலில் இருந்து தொடங்கும். நிறுவல் முடிவின்றிச் சுற்றுகின்றது என்று பலர் கருதுவதற்கு இதுவே காரணம்.

என்டிஎல்டிஆர் என்னும் தொடக்கக் கோப்பு காணப்படவில்லை என்ற செய்தி தோன்றினால், முதலில் நெகிழ்வட்டோ யூஎஸ்பி நினைவகமோ கணினியில் விடப்பட்டுள்ளதா எனப் பார்க்க வேண்டும். பின்னர் பயாஸ் சரியான வன்தட்டில் இருந்து தொடங்குகின்றதா என உறுதி செய்ய வேண்டும். பழைய பயாஸ்கள் சிலவற்றில் வைரசு எச்சரிக்கை என்ற வசதி, வட்டின் தொடக்கப் பகுதியில் எழுதுவதைத் தடுக்கும். நிறுவல் முடியும் வரை அதனை நிறுத்தி வைத்தல் வேண்டும்.

தொடக்கக் கோப்புகள் உண்மையிலேயே சிதைந்திருந்தால், இறுவட்டின் முதல் திரையில் ஆர் விசையை அழுத்தி மீட்புக் கட்டளைத் திரைக்குச் சென்று, ஃபிக்ஸ்பூட் கட்டளையால் தொடக்கப் பகுதியைப் புதிதாக எழுதலாம். ஃபிக்ஸ்எம்பிஆர் கட்டளை முதன்மைத் தொடக்கப் பதிவை மாற்றி எழுதுவதால், அதே வட்டில் லினக்ஸ் போன்ற வேறொரு இயங்குதளம் இருந்தால் அதன் தொடக்க நிரல் நீங்கிவிடும்.

ஆர் விசை நிறுவலில் இரண்டு இடங்களில் இரண்டு வெவ்வேறு பொருளில் வருகின்றது. முதல் திரையில் அது மீட்புக் கட்டளைத் திரையைத் திறக்கும். உரிம ஒப்பந்தத்தை ஏற்ற பின் தோன்றும் திரையில், ஏற்கனவே உள்ள விண்டோஸைப் பழுது நீக்கி நிறுவும். இந்தப் பழுதுநீக்கு நிறுவல் பயனர் கோப்புகளையும் நிறுவிய மென்பொருட்களையும் அப்படியே வைத்திருக்க முயலும். ஆதலால் புதிதாக நிறுவுவதற்கு முன் கருதத்தக்கது.

வரைகலைக் கட்டச் சிக்கல்கள்

வன்பொருள்களை இனங்காணும்போது திரை உறைந்து நிற்பது இக்கட்டத்தின் பொதுவான சிக்கலாகும். பழைய கணினிகளில் ஒரே நிலையில் பல நிமிடங்கள் நிற்பது இயல்பே. வன்தட்டின் விளக்கு இடையிடையே ஒளிர்ந்தால் காத்திருக்க வேண்டும். அரை மணி நேரத்திற்கு மேல் எந்த அசைவும் இல்லையெனில் நின்றுவிட்டதாகக் கொள்ளலாம்.

இந்நிலையில் மாற்று விசையையும் எஃப்10 விசையையும் சேர்த்து அழுத்தினால் கட்டளைத் திரை திறக்கும். மாற்று விசை என்பது இங்கு பெரிய எழுத்துகளுக்கான ஷிப்ட் விசையாகும். விண்டோஸ் கோப்புறையில் உள்ள செட்டப்ஏபிஐ என்ற பதிவுக் கோப்பின் இறுதி வரிகள், எந்த வன்பொருளை அமைக்கும்போது நிறுவல் நின்றது என்பதைக் காட்டக்கூடும்.

கட்டளைத் திரை திறக்காவிடின், கணினியை நிறுத்தி, இன்றியமையாத உறுப்புகளைத் தவிர மற்றவற்றைக் கழற்ற வேண்டும். அச்சுப்பொறி, வருடி, மோடம் அட்டை, ஒலி அட்டை, தொலைக்காட்சி அட்டை ஆகியன இதில் அடங்கும். தாய்ப்பலகையில் உள்ளிணைந்த ஒலி வசதியைப் பயாஸ் அமைப்பில் நிறுத்தலாம். ஒரு நினைவக அட்டை, ஒரு வன்தட்டு, ஓர் இறுவட்டகம் ஆகியவற்றுடன் நிறுவி முடித்த பின், ஏனையவற்றை ஒவ்வொன்றாக இணைக்க வேண்டும். எந்த உறுப்பை இணைத்தபோது சிக்கல் திரும்புகின்றதோ அதுவே காரணமாகும்.

மின்மேலாண்மைத் தரத்தைச் சரிவரப் பின்பற்றாத பழைய பயாஸ்களில், ஏ5 என முடியும் குறியீட்டுடன் நிறுவல் நிற்கும். எஃப்6 விசைக்கான செய்தி தோன்றும்போது அதற்குப் பதிலாக எஃப்7 விசையை அழுத்தினால், அத்தரத்தைப் பயன்படுத்தாமல் நிறுவல் தொடரும். பயாஸை மேம்படுத்துவதும் தீர்வாகும். ஆனால் மேம்படுத்தலின் இடையில் மின்சாரம் தடைப்பட்டால் தாய்ப்பலகை பயனற்றுப் போகலாம்.

நீலத் திரைக் குறியீடுகள்

நீலத் திரையில் தோன்றும் நீண்ட குறியீட்டின் இறுதி இரண்டு இடங்கள் மட்டும் கீழே தரப்பட்டுள்ளன.

* 0ஏ, 1ஏ, 4ஈ, 50: பெரும்பாலும் நினைவகப் பழுது அல்லது பொருந்தாத இயக்கி மென்பொருள்.
* 24: என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமையின் சிதைவு.
* 7ஏ: வன்தட்டில் இருந்து தரவை வாசிக்க இயலாமை. வடம், கட்டுப்படுத்தி, வட்டு ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.
* 7பி: தொடக்க வட்டை அணுக இயலாமை.
* 9சி: செயலி தானே அறிவிக்கும் வன்பொருள் பிழை. வெப்பம், மின்வழங்கி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.
* ஏ5: பயாஸின் மின்மேலாண்மை வசதி பொருந்தாமை.
* ஈடி: தொடக்கப் பிரிவைத் திறக்க இயலாமை.

ஒரே கணினியில் ஒவ்வொரு முயற்சியிலும் வெவ்வேறு குறியீடுகள் தோன்றினால், அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வதில் பயனில்லை. அது வன்பொருள் பழுதின், குறிப்பாக நினைவகப் பழுதின் அடையாளமாகும்.

வன்பொருள் சோதனை

நினைவகத்தைச் சோதிக்க மெம்டெஸ்ட்86+ என்ற கட்டற்ற மென்பொருள் பயன்படுகின்றது. இது இயங்குதளம் இன்றித் தானே தொடங்கி, நினைவகத்தின் ஒவ்வொரு பகுதியிலும் பல்வேறு அமைப்புகளை எழுதி வாசிக்கின்றது. ஒரு பிழை தோன்றினாலும் அந்நினைவகத்தை நம்ப முடியாது. ஒன்றுக்கு மேற்பட்ட அட்டைகள் இருந்தால் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். அட்டையைக் கழற்றி, தொடுமுனைகளைத் துடைத்து மீண்டும் பொருத்துவதாலேயே சரியாகும் கணினிகளும் உண்டு.

வன்தட்டுகள் தம் நிலையைத் தாமே பதிவு செய்யும் ஸ்மார்ட் என்ற வசதியைக் கொண்டுள்ளன. மாற்றீடு செய்யப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை, வாசிக்க இயலாமல் காத்திருக்கும் பகுதிகளின் எண்ணிக்கை ஆகிய இரண்டும் முதன்மையாகக் கவனிக்க வேண்டியவை. இவை நாளுக்கு நாள் உயர்ந்து சென்றால் அவ்வட்டில் இயங்குதளத்தை நிறுவுவது வீண் முயற்சியாகும்.

நிறுவலின்போது கணினி எந்தச் செய்தியும் இன்றி அணைந்தால் வெப்பத்தையோ மின்வழங்கியையோ ஐயுற வேண்டும். செயலியின் விசிறியில் படிந்த தூசியை நீக்குவதும், காய்ந்துபோன வெப்பக் களிம்பைப் புதுப்பிப்பதும் பயன் தரும். 2000களின் தொடக்க ஆண்டுகளில் உற்பத்தியான தாய்ப்பலகைகள் பலவற்றில் தரக்குறைவான மின்பகு மின்தேக்கிகள் இடம்பெற்றன. தலைப்பகுதி உப்பியோ, பழுப்பு நிறக் கசிவுடனோ காணப்படும் மின்தேக்கிகள் பழுதானவை. இவ்வாறான தாய்ப்பலகையில் மென்பொருள் வழியான எந்தத் தீர்வும் நிலைக்காது. மின்வழங்கியின் பெட்டியைத் திறத்தல் கூடாது. மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் அதனுள் ஆபத்தான மின்னழுத்தம் தேங்கி நிற்கும்.

உரிமக் குறியீடு ஏற்கப்படாமை

25 எழுத்துகளும் எண்களும் கொண்ட உரிமக் குறியீடு, இறுவட்டின் வகையுடன் பொருந்த வேண்டும். சில்லறை விற்பனை, கணினி உற்பத்தியாளர், மொத்த உரிமம் என வகைகள் உள்ளன. ஒரு வகையின் குறியீட்டை மற்றொரு வகையின் இறுவட்டு ஏற்காது. வீட்டுப் பதிப்புக்கும் தொழில்முறைப் பதிப்புக்கும் இது பொருந்தும். மேம்படுத்தல் பதிப்பு இறுவட்டுகள், புதிதாக நிறுவும்போது முந்திய விண்டோஸ் இறுவட்டைக் காட்டுமாறு கோரும்.

கணினி உற்பத்தியாளர் வழங்கும் மீட்பு இறுவட்டுகள் பல, அந்நிறுவனத்தின் பயாஸைச் சரிபார்த்த பின்னரே இயங்கும். பழுதான தாய்ப்பலகைக்குப் பதிலாக வேறு நிறுவனத்தின் பலகையைப் பொருத்திய கணினியில் அவை மறுப்பதற்கு இதுவே காரணம்.

இணையத்துடன் இணைத்தல்

2003 ஆகத்து 11 அன்று பரவத் தொடங்கிய பிளாஸ்டர் என்ற கணினிப் புழு, மீள்நிறுவல் வரலாற்றில் தனி இடம் பெறுவதாகும். அது பரவுவதற்குப் பயனரின் செயல் எதுவும் தேவையில்லை. புதிதாக நிறுவிய எக்ஸ்பி கணினியை மேம்படுத்தல்களைப் பெறுவதற்காக இணையத்தில் இணைத்தவுடன், அம்மேம்படுத்தல் வந்து சேரும் முன்பே புழு தொற்றியது. 60 விநாடிகளில் கணினி மீளத் தொடங்கும் என்ற அறிவிப்புத் தோன்றி, கணினி மீண்டும் மீண்டும் அணைந்தது. நிறுவல் பிழையானது என்று கருதி மறுபடியும் நிறுவியவர்கள் அதே சுழலில் சிக்கினர். இதற்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் 2003 சூலையிலேயே வெளியிட்டிருந்தும், பழைய இறுவட்டுகளில் அது இடம்பெற்றிருக்கவில்லை. 2004 ஏப்ரல் இறுதியில் சாசர் என்ற புழு இதே வகையில் பரவியது. அதே ஆண்டில் வெளியான இரண்டாம் சேவைப் பொதி, தீச்சுவரை இயல்பாகவே இயங்கும்படி அமைத்தது.

ஆகவே வலையமைப்பு வடத்தைக் கழற்றிய பின்னரே நிறுவலைத் தொடங்குதல் வேண்டும். மூன்றாம் சேவைப் பொதியை வேறொரு கணினியில் இருந்து எடுத்துவந்து நிறுவலாம். 2014க்குப் பின் கண்டறியப்பட்ட குறைபாடுகள் பலவற்றுக்குத் திருத்தம் இல்லாமையால், இன்று எக்ஸ்பி கணினியை இணையத்துடன் இணைக்காமல் வைத்திருத்தலே பாதுகாப்பானது.

தமிழ் ஆதரவு

மீள்நிறுவலுக்குப் பின் தமிழ் எழுத்துகள் கட்டங்களாகவோ, கொம்புகளும் கால்களும் இடம் மாறியோ தோன்றினால் அது நிறுவல் பழுது அன்று. ஒருங்குறித் தமிழைச் சரியாகக் காட்டுவதற்கான கோப்புகளை எக்ஸ்பி இயல்பாக நிறுவுவதில்லை. கட்டுப்பாட்டுப் பலகத்தில் வட்டார, மொழி அமைப்புகளில் சிக்கலான எழுத்து முறைகளுக்கான தெரிவைக் குறியிட்டால், இறுவட்டில் இருந்து அக்கோப்புகளும் லதா எழுத்துருவும் நிறுவப்படும்.

ஒருங்குறிக்கு முந்திய பாமினி, திஸ்கி போன்றவற்றில் தட்டச்சு செய்த ஆவணங்களுக்கு உரிய எழுத்துரு இல்லையெனில், அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவும் குறிகளாகவும் தோன்றும். ஆவணம் அழிந்துவிட்டது எனக் கருதி அதனை நீக்கிவிடக் கூடாது. உரிய எழுத்துருவை நிறுவினாலோ, குறிமுறை மாற்றியின் மூலம் ஒருங்குறிக்கு மாற்றினாலோ அதனை மீண்டும் படிக்கலாம்.

முயற்சியைக் கைவிட வேண்டிய நிலை

நினைவகமும் வன்தட்டும் சோதனையில் தேறி, வேறொரு இறுவட்டைக் கொண்டு, குறைந்தபட்ச உறுப்புகளுடன் முயன்ற பின்னும் நிறுவல் நிற்குமானால், பழுது தாய்ப்பலகையிலோ மின்வழங்கியிலோ இருக்க வாய்ப்பு மிகுதி. தரவுகள் ஏற்கனவே வெளியே எடுக்கப்பட்டிருந்தால் இந்நிலையில் இழப்பு ஏதும் இல்லை. குறிப்பிட்ட ஒரு பழைய மென்பொருளுக்காக மட்டுமே எக்ஸ்பி தேவைப்படுமாயின், புதிய கணினியில் மெய்நிகர் இயந்திரமாக அதனை நிறுவலாம். எனினும் தனி அட்டை மூலம் இணையும் கருவிகளை இயக்க இது பெரும்பாலும் பயன்படாது.

பழைய கணினியை எழுதுவதற்கும் படிப்பதற்கும் மட்டும் பயன்படுத்த விரும்புவோர் இலகுவான லினக்ஸ் வழங்கல்களை நாடலாம். ஆனால் 32 இருமச் செயலிகளுக்கான ஆதரவு இங்கும் குறைந்து வருகின்றது. டெபியன் வழங்கலில் அச்செயலிகளுக்கான நிறுவியைக் கொண்ட இறுதிப் பதிப்பு, 2023இல் வெளியான 12ஆம் பதிப்பாகும்.